டவுன்எண்ட் டாக்டர் வீட்டுப் பிள்ளைகள்: கிரேஸ் குடும்ப வரலாறு

வேப்பமரத்தடி எழுதியது:

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய இங்கிலாந்துக் கிரிக்கெட் ஆட்டக்காரர் டபிள்யூ.ஜி. கிரேஸ் என்றதும் நம்மில் பலருக்குத் தாடியும் தொப்பையும்தான் கண்ணில் நிற்கும். இந்த இழையை அவருடைய அப்பாவுக்காகத் தொடங்குகிறேன். அப்பா ஹென்றி மில்ஸ் கிரேஸ் ஒரு கிராமத்து டாக்டர். 1808இல் பிறந்தவர். 1831இல் மார்த்தா போகாக்கைக் கைப்பிடித்து, பிரிஸ்டல் நகருக்கு வடகிழக்கே நான்கு மைல் தள்ளி இருக்கும் டவுன்எண்டில் குடியேறித் தொழிலைத் தொடங்கினார். அந்தப் பக்கம் முழுவதும் நிலக்கரிச் சுரங்கங்கள். குதிரை மேல் ஏறினால்தான் நோயாளியைப் பார்க்க முடியும்.

பிள்ளைகள் ஒன்பது பேர். பெண்கள் நால்வர், ஆண்கள் ஐவர். ஆண்களில் மூத்தவர் ஹென்றி (1833), அடுத்து ஆல்பிரட் (1840), எட்வர்ட் மில்ஸ் (1841), வில்லியம் கில்பர்ட், அதாவது நம் டபிள்யூ.ஜி. (1848), கடைக்குட்டி ஃபிரெட் (1850). ஐந்து பேரும் டாக்டர்கள். ஐந்து பேரும் கிரிக்கெட் ஆடினார்கள்.

அப்பாவின் கிரிக்கெட் பைத்தியம் பழையது. மருத்துவம் படித்த காலத்தில் பகலில் நேரம் கிடைக்காது என்று, விடியற்காலை ஐந்து மணிக்கே பிரிஸ்டல் டர்டம் டவுன் மேட்டுக்குப் போய் ஆடிவிட்டு வகுப்புக்கு ஓடுவாராம். 1850இல் 'தி செஸ்ட்நட்ஸ்' என்ற பெரிய வீட்டுக்கு மாறினார். அங்கே ஆப்பிள் தோட்டம் ஒன்று இருந்தது. சில மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆடுகளம் போட்டுக் கொடுத்தார். தாய்மாமன் ஆல்பிரட் போகாக் பயிற்சி கொடுக்க வருவார். பந்து பொறுக்க டான், பாண்ட்டோ, நோபிள் என்று மூன்று நாய்கள். பந்து தண்ணீரில் விழுந்தால் நோபிள் குதித்து எடுத்து வரும்.

என்னைக் குடைகிற கேள்வி வேறு. பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கிரிக்கெட் பிடித்துப் போனதில் எனக்கு வியப்பில்லை; அப்படியொரு தோட்டம் வாய்த்தால் யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அத்தனை பேரும் ஏன் டாக்டராக வேண்டும்? ஒருவர் வக்கீலாகவோ பாதிரியாகவோ போயிருக்கக் கூடாதா? கிரிக்கெட் அந்த வீட்டுக்குப் பொழுதுபோக்கு, வைத்தியம்தான் அந்த வீட்டுச் சொத்து என்பது என் எண்ணம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கம்பவுண்டர்மகன் எழுதியது:

ஐயா சொத்து என்று சொன்னது வெறும் உவமையாக எனக்குப் படவில்லை. அன்றைய இங்கிலாந்தில் டாக்டரின் தொழில் விற்று வாங்கக்கூடிய பண்டம். ஓய்வு பெறும் டாக்டர் தன் ஊர், தன் நோயாளிகள், தன் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து விலை பேசுவார். வாங்குகிறவர் பணம் கொடுத்துவிட்டு மறுநாள் காலை அதே வாசலில் உட்காருவார். பிள்ளைகளுக்குக் கையில் கொஞ்சம் பணமும் அப்பாவின் பெயரும் இருந்தால் பக்கத்து ஊர்களிலேயே இடம் பிடித்துவிடலாம். கிரேஸ் வீட்டில் நடந்ததும் அதுதான். மூத்தவர் ஹென்றி கிங்ஸ்வுட் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஆல்பிரட் சிப்பிங் சாட்பரியில் இருந்தார். வேட்டைக் குதிரையில் ஏறினால் இறங்காதவர் என்பதால் அவருக்கு 'வேட்டை டாக்டர்' என்றே பெயர். எட்வர்ட் மில்ஸ் தார்ன்பரியில். எல்லாம் ஒரே வட்டாரம்.

இன்னொன்று, படிப்பு. 1815ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்தாளராக, அதாவது ஊர் வைத்தியராக, உரிமம் வாங்க ஐந்து வருடம் ஒருவரிடம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். வெளியே பயிற்சிக்கு விட்டால் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். அப்பாவே டாக்டர் என்றால் அந்தச் செலவு மிச்சம். மூத்த பிள்ளைகள் அப்பாவிடம்தான் கற்றார்கள். மருத்துவர்களின் தேசியப் பதிவேடு 1858ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது.

என் அப்பா ஒரு சிற்றூர் டாக்டரிடம் நாற்பது வருடம் மருந்து கலந்தவர். டாக்டரின் மகன் படித்து முடித்துத் திரும்பிய முதல் வாரமே நோயாளிகள் "பெரிய டாக்டர் இல்லையென்றால் சின்ன டாக்டரைப் பார்க்கிறோம்" என்றார்கள். மகனுக்கு அதுவரை யாரும் நாடி பார்க்கக்கூடக் கை நீட்டியதில்லை. டவுன்எண்டிலும் ஒரு 'சின்ன டாக்டர்' வரிசை இருந்திருக்கும்.

எண்கணக்கன் எழுதியது:

ஒரு திருத்தம். ஐந்து பேரும் டாக்டர்கள் என்பது தவறு, நால்வர்தான். ஃபிரெட் படித்துக்கொண்டிருந்தார், தகுதி பெறுவதற்கு முன்பே இறந்துவிட்டார்.

அது நடந்தது 1880இல். செப்டம்பர் 6 முதல் 8 வரை லண்டன் ஓவலில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதின. இங்கிலாந்து மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் அதுதான். எட்வர்ட் மில்ஸ், டபிள்யூ.ஜி., ஃபிரெட் மூவரும் ஒரே அணியில். டபிள்யூ.ஜி. 152 அடித்தார், இங்கிலாந்துக்காக அடிக்கப்பட்ட முதல் டெஸ்ட் சதம். ஃபிரெட் இரண்டு இன்னிங்ஸிலும் பூஜ்யம். ஆனால் ஆஸ்திரேலியாவின் பானர் வானத்துக்குத் தூக்கிய பந்து ஒன்றை எல்லைக்கோட்டருகே நின்று பிடித்தார். பந்து கீழே வருவதற்குள் மட்டையாளர்கள் இரண்டு ஓட்டம் ஓடி மூன்றாவதுக்குத் திரும்பிவிட்டார்கள் என்பார்கள். அந்தப் பந்து மேலே இருக்கும்போது தன் இதயம் நின்றுவிட்டதாக ஃபிரெட் சொன்னாராம்.

இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 22ஆம் தேதி, பேசிங்ஸ்டோக் ஊரில் ஒரு விடுதியில் ஃபிரெட் இறந்தார். சளிப்பிடித்து நுரையீரல் அழற்சியாக மாறியது. வயது 29.

வேப்பமரத்தடி எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி. என் பதிவை மாற்றாமல் விட்டுவைக்கிறேன், இல்லாவிட்டால் உங்கள் பதிவு அந்தரத்தில் நிற்கும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

எல்லோரும் பயபக்தியோடு பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் கல் எறிகிறேன்.

டபிள்யூ.ஜி. பிரிஸ்டல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தது 1868. தேர்ச்சி பெற்றது 1879. பதினோரு வருடம்! நடுவில் 1871இல் 2,739 ஓட்டங்கள், 1876 ஆகஸ்டில் எட்டு நாளுக்குள் 344, 177, ஆட்டமிழக்காமல் 318. இதில் எப்போது படித்தார்? டாக்டர் என்ற பட்டம் அவருக்கு ஒரு முகமூடி. 'கனவான்', அதாவது கூலி வாங்காமல் ஆடுபவர், என்று பெயர் வாங்கிக்கொண்டால் கூலிக்கு ஆடுகிறவர்களோடு ஒரே கதவு வழியாக மைதானத்துக்குள் போக வேண்டியதில்லை. ஆனால் பணம்? 1873–74 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு இந்தக் கனவான் வாங்கியது 1,500 பவுண்டு. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 170. கப்பலிலும் அவர்களுக்குத் தாழ்ந்த வகுப்பு. அதே பயணம்தான் அவருக்குத் தேனிலவும்கூட. 1873 அக்டோபரில்தான் ஆக்னஸ் நிக்கோல்ஸ் டேயை மணந்தார்.

1879இல் அவருக்காக நிதி திரட்டி 1,458 பவுண்டு கொடுத்தார்கள். எதற்கு? வைத்தியத் தொழில் ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான். கம்பவுண்டர்மகன் சொன்ன 'சொத்து' ரசிகர் காசில் வந்தது.

இரவுப்பணி எழுதியது:

நான் மருத்துவர், அரசுப் பணியில் இருபது வருடம் ஆகிறது. நண்பர் எறிந்த கல்லில் பாதியை ஏற்கிறேன். பதினோரு வருடப் படிப்பு எனக்கும் சிரிப்பைத் தருகிறது. ஆனால் முகமூடி என்று முடித்துவிட வேண்டாம்.

1887இல் மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் டபிள்யூ.ஜி.யின் அணியான குளோஸ்டர்ஷயர் ஆடியபோது, பந்தைத் துரத்திய குரூம் என்ற இளைஞர் வேலிக் கம்பியில் மோதி விழுந்தார். கம்பியின் கூர்முனை கழுத்தில் இறங்கிவிட்டது. தைக்க ஊசி வெளியிலிருந்து வர வேண்டும். அது வரும்வரை, ஏறக்குறைய அரைமணி நேரம், டபிள்யூ.ஜி. தன் விரல்களால் அந்தக் காயத்தின் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார். குரூம் பிழைத்தார், பின்னாளில் அவரே அதை எழுதினார்.

படிப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ஈரத் துணியின் இரு ஓரங்களைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நழுவாமல் சேர்த்துப் பிடியுங்கள். மூன்றாவது நிமிடத்தில் விரல் நடுங்கத் தொடங்கும். ஐந்தாவது நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கும். இதில் துணி அசையாது. கழுத்து மூச்சுக்கு மூச்சு அசையும், ரத்தத்தில் விரல் வழுக்கும். அவர் நாள் முழுவதும் களத்தில் நின்ற களைப்போடு அதைச் செய்தார். இது பட்டத்தால் வருவதில்லை, பழக்கத்தால் வருவது.

1885இல் கிளிஃப்டனில் மிடில்செக்ஸுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 221 அடித்தாரே, அந்த ஆட்டத்தின் நடுவே ஓர் இரவு முழுவதும் ஒரு பிரசவத்துக்காக விழித்திருந்தார் என்பார்கள். இரவுப் பணி முடிந்து காலையில் பேருந்தில் நிற்கவே எனக்குக் கால் தள்ளாடும்.

குறுக்குக்கேள்வி எழுதியது:

கழுத்துக் காயத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொள்கிறேன், சகோதரி. ஆனால் கோடை முழுவதும் ஆடுகளத்தில் இருந்தவரின் நோயாளிகளை யார் பார்த்தது? அவருடைய இடம் பிரிஸ்டலில் ஸ்டேப்பிள்டன் சாலை, ஏழைத் தொழிலாளர் பகுதி. ஏழைகளுக்கான அரசு வைத்தியர் பொறுப்பும் அவரிடம் இருந்தது. மே மாதம் வந்தால் கூலிக்கு ஒரு டாக்டரை உட்கார வைத்துவிட்டு இவர் கிளம்பிவிடுவார். 344 அடித்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஆகஸ்டு மாதத்தில் பேதி கண்ட குழந்தைக்கு மருந்து கொடுத்தவரின் பெயர் யாருக்காவது தெரியுமா?

கம்பவுண்டர்மகன் எழுதியது:

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. என் அப்பாவின் பெயரும் எந்தப் பலகையிலும் இருந்ததில்லை.

வேப்பமரத்தடி எழுதியது:

இரண்டாவது மகனைக் கொஞ்சம் பேசுவோம். அதாவது ஆட்டத்தில் இரண்டாமவர், எட்வர்ட் மில்ஸ். டபிள்யூ.ஜி. தலையெடுக்கும்வரை நாட்டிலேயே பெரிய ஆட்டக்காரர் இவர்தான். 1862இல் கேன்டர்பரியில் எம்.சி.சி. (மெரில்போன் கிரிக்கெட் கிளப்) அணிக்காக ஆட்டமிழக்காமல் 192 அடித்துவிட்டு, எதிரணியின் ஒரு இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தார். அடுத்த வருடக் கடைசியில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்.

1875 முதல் அவர் மரண விசாரணை அதிகாரி. மைதானத்திலும் 'கரோனர்' என்றே கூப்பிட்டார்கள். ஒருமுறை ஆட்டத்தின் நடுவே பிணம் ஒன்று காத்திருப்பதாகச் செய்தி வர, "ஆட்டம் முடியும்வரை ஐஸில் வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினார் என்று ஒரு கதை. நடந்திருக்கலாம், கிளப்பில் யாராவது கட்டிவிட்டதாகவும் இருக்கலாம். அவர் சுபாவத்துக்குப் பொருந்துகிறது. நான்கு முறை மணந்து பதினெட்டுப் பிள்ளைகள் பெற்றவர். குளோஸ்டர்ஷயர் கிளப்பின் செயலாளராக 1871 முதல் 1909 வரை இருந்தார். அந்தக் கிளப்பே அப்பா ஹென்றி முன்னின்று உண்டாக்கியது. 1870 ஜூனில் டர்டம் டவுனில் சர்ரே அணியை 51 ஓட்டங்களில் தோற்கடித்தது அதன் முதல் வெற்றி. அப்பா மருத்துவ மாணவனாக விடியலில் ஆடிய அதே மேடு.

அப்பாவுக்கு அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1871 டிசம்பர் 23, வேட்டைக்குப் போன இடத்தில் குளிர் தாக்கி இறந்தார். டபிள்யூ.ஜி. 2,739 அடித்த அதே வருடம்.

செம்பருத்தி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்தேன். ஒன்பது பதிவு தாண்டியும் அம்மாவுக்கு "கைப்பிடித்தார்" என்ற ஒரு சொல்தான் கிடைத்திருக்கிறது. மகள்களுக்கு "நால்வர்" என்ற எண்ணிக்கை. நாய்களுக்குக்கூடப் பெயர் சொன்னீர்களே!

சொல்கிறேன்: ஆனி, ஃபேனி, ஆலிஸ், பிளாஞ்ச்.

மார்த்தாவின் அப்பா ஜார்ஜ் போகாக் பிரிஸ்டலில் பள்ளிக்கூடம் நடத்தியவர். காற்றாடிப் பட்டம் இழுக்கும் வண்டி ஒன்றைக் கண்டுபிடித்து 1826இல் காப்புரிமை வாங்கினார். சுங்கச்சாவடியில் குதிரைக்குத்தான் வரி. இந்த வண்டியில் குதிரையே இல்லை, என்ன செய்வார்கள்? மார்த்தா சிறுமியாக இருந்தபோது அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டத்தில் கட்டி மேலே பறக்கவிட்டார் அந்த மனிதர். அப்படி வளர்ந்த பெண்ணுக்கு மகன்கள் அடிக்கும் உயரப் பந்து எம்மாத்திரம்?

மகன்கள் ஆடிய ஆட்டங்களின் செய்தித்தாள் துணுக்குகளைப் புத்தகமாக ஒட்டி வைத்தார். வெளியூரில் ஆடினால் அன்றைய எண்ணிக்கையைத் தந்தியில் அம்மாவுக்கு அனுப்பியாக வேண்டும். உள்ளூர் என்றால் மட்டக்குதிரை வண்டியில் மைதானத்து ஓரம் உட்கார்ந்திருப்பார். தவறான ஆட்டம் ஆடி அவுட்டானவனுக்கு அங்கேயே அர்ச்சனை நடக்கும். அகில இங்கிலாந்து அணித் தலைவர் ஜார்ஜ் பார்ருக்கு, "எட்வர்ட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவனைவிடச் சின்னவன் ஒருவன் இருக்கிறான், அவன் ஆட்டம் இன்னும் நேர்த்தி" என்று கடிதம் எழுதினார் என்ற கதை பிரபலம். கடிதம் யார் கையிலும் இல்லை, ஆனால் கதை சாகவில்லை.

1884 ஜூலையில் ஓல்ட் டிராஃபோர்டில் லங்காஷயருடன் ஆட்டம். அம்மா இறந்த தந்தி வருகிறது. லங்காஷயர் தலைவர் ஹார்ன்பி ஆட்டத்தை அத்துடன் கைவிட்டார். அந்த ஆட்டத்தில் இருந்த இரண்டு மகன்களும், எட்வர்ட் மில்ஸும் டபிள்யூ.ஜி.யும், ரயிலேறினார்கள். தினமும் தந்தி போன திசையிலிருந்து வந்த தந்தி அது.

மகள்களுக்கு வருகிறேன். அவர்களும் தோட்டத்தில் ஆடினார்கள் என்று எழுதுவார்கள். டபிள்யூ.ஜி. அதை மறுத்திருக்கிறார்: பந்து தங்கள் பக்கம் வந்தால் எடுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். சரி, டாக்டராகியிருக்கலாமே? அப்பா வீட்டிலேயே கற்றுக் கொடுக்கிறார், செலவும் மிச்சம் என்கிறீர்கள். முடியாது. பிரிட்டிஷ் மருத்துவர் பதிவேட்டில் முதல் பெண் 1859இல் ஏறினார், எலிசபெத் பிளாக்வெல். பிறந்தது இதே பிரிஸ்டலில், 1821இல். ஆனால் அவர் அமெரிக்காவில் போய்ப் பட்டம் வாங்க வேண்டியிருந்தது. பெண்களுக்குத் தேர்வு நடத்தலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது 1876இல். அப்போது டவுன்எண்ட் மகள்கள் இளமையைக் கடந்துவிட்டார்கள். ஆக, வேப்பமரத்தடி ஐயா, உங்கள் 'வீட்டுச் சொத்து' ஆண் வாரிசுக்கு மட்டும் எழுதி வைத்தது.

வேப்பமரத்தடி எழுதியது:

அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. குடும்ப மரம் ஒன்று வரைந்து வைத்திருந்தேன். அதில் மகள்களுக்கு ஒரே ஒரு கோடு போட்டு "+4" என்று எழுதியிருந்தேன். வெட்கத்தோடு அழிக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

செம்பருத்தி சொன்ன பிறகு எனக்கு ஒன்று தோன்றுகிறது. இந்த இழையில் வந்த சாவுகளைப் பாருங்கள். அப்பா 1871இல், ஃபிரெட் 1880இல், இருவருக்கும் குளிரில் தொடங்கி நெஞ்சில் முடிந்தது. அதற்கு முன்பே 1863இல் பதினான்கு வயது டபிள்யூ.ஜி.க்கு நிமோனியா வந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். வீடு நிறைய டாக்டர்கள். என்ன செய்திருப்பார்கள்? ஒத்தடம், பற்று, பிராந்தி, ஜன்னலை மூடுவதா திறப்பதா என்ற வாதம். மார்பில் குழாய் வைத்துக் கேட்டால் எந்தப் பக்கம் நுரையீரல் அடைபட்டிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். அதற்கு மேல் கையில் ஒன்றும் கிடையாது. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ காய்ச்சல் தானாக உடையும், அல்லது உடையாது. அந்தப் பையனுக்கு உடைந்தது. எழுந்து, ஜூலையிலேயே ஆட வந்துவிட்டான். பதினேழு வருடம் கழித்துத் தம்பிக்கு உடையவில்லை.

டாக்டர் வீட்டில் பிறந்தால் நோயிலிருந்து தப்பலாம் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் அதிகம் இருந்தது, என்ன நடக்கிறது என்பது தெரிந்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான்.

தென்றல்வீதி எழுதியது:

டபிள்யூ.ஜி.யின் பிள்ளைகள் யாராவது டாக்டரானார்களா?

எண்கணக்கன் எழுதியது:

இல்லை. நான்கு பிள்ளைகள். மூத்தவர் டபிள்யூ.ஜி. ஜூனியர், 1874இல் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்துப் பள்ளி ஆசிரியரானார். மூக்குக் கண்ணாடி, ஒல்லி உடம்பு. அப்பா அவரைத் தன்னோடு ஆட வைத்துப் பெரிய ஆட்டக்காரராக்கப் பாடுபட்டார். 1905இல் குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். அதற்கு மூன்று வருடம் முன்புதான் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு அதே உபாதை வந்து முடிசூட்டு விழாவே தள்ளிப்போனது. மன்னர் பிழைத்தார். இரண்டாவது மகன் எட்கர் கடற்படையில் சேர்ந்து அட்மிரலானார். ஒரே மகள் பெஸ்ஸி, இருபது வயதில் டைபாய்டில் போய்விட்டாள். அப்பா அதிலிருந்து மீளவே இல்லை என்பார்கள். கடைசி மகன் சார்ல்ஸ், மின் பொறியாளர்.

டபிள்யூ.ஜி. 1899இல் பிரிஸ்டலை விட்டு லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்துக்குக் குடிபெயர்ந்தார். அத்துடன் வைத்தியத்தையும் விட்டார். அவர் வாங்கிய 'சொத்தை' வாரிசு யாரும் கேட்கவில்லை.

குறுக்குக்கேள்வி எழுதியது:

கல் எறிய ஒன்றும் மிச்சமில்லை. சார்ல்ஸ் எப்படி இறந்தார் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், கேள்விப்பட்டது உண்மையா என்று பார்க்கிறேன்.

எண்கணக்கன் எழுதியது:

உண்மைதான். 1938, கென்ட் மாவட்டத்தில் ஹாக்ஹர்ஸ்ட் என்ற ஊர். உள்ளூர் ஆட்டம். மட்டை பிடித்து ஆடிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்துவிட்டார். வயது 56.

செம்பருத்தி எழுதியது:

விஸ்டன் என்ற கிரிக்கெட் ஆண்டு நூலின் பிறப்பு இறப்புப் பட்டியலில் முதலில் இடம்பெற்ற பெண் மார்த்தாதான். ஐயா புது மரம் வரையும்போது அவரை நடுவில் போடுங்கள். நால்வருக்கும் தனித்தனிக் கோடு.

வேப்பமரத்தடி எழுதியது:

வரைந்துகொண்டிருக்கிறேன். தாள் போதவில்லை, எட்வர்ட் மில்ஸின் பதினெட்டுப் பேருக்கு இன்னொரு தாள் ஒட்ட வேண்டும்.